சொட்டு அண்ணனின் பூஜ்யம்

எங்கள் மீன்குஞ்சுப் பண்ணையில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் சொட்டு. முதலாளிக்கு வெறும் சொட்டு, எனக்குச் சொட்டு அண்ணன். அவர் வேலையே சொட்டுச் சொட்டாக நடக்கிற வேலை. பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால் பதிலின் முதல் பாதி வந்து சேர்வதற்குள் நான் பீடி பற்றவைத்து அணைத்திருப்பேன்.

நான் பண்ணையின் லாரி ஓட்டுபவன். எனக்கு நிதானம் என்றாலே ஆகாது. சிக்னலில் முப்பது வினாடி நிற்பதற்கே எனக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவனை, 'இன்னும் ரெண்டு நாள் ஆகட்டும் தம்பி, குஞ்சு இன்னும் தயாராகல' என்று சொல்லிச் சொல்லியே பத்தொன்பது வருஷம் காக்க வைத்தவர் அவர். அவரைப் பற்றி எழுதுகிறேன் என்றால் பழி தீர்க்கப் போகிறேன் என்று எங்கள் ஆட்களே நினைப்பார்கள். கொஞ்சம் அப்படியும்தான்.

எங்கள் பண்ணையில் பொரிப்பது கொடுவா. அது கடலோரத்து உப்புத் தண்ணீரில் பிறக்கிற மீன். குஞ்சாக இருக்கும்போதே முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் ஏறி, நல்ல தண்ணீரில் தின்று கொழுத்து, முட்டையிடும் பருவத்தில் மறுபடி கடல் பக்கம் இறங்கிவிடும். இரண்டு தண்ணீரிலும் வாழும் என்பதால், குளம் வைத்திருப்பவர்கள் வாங்கிப் போய் வளர்ப்பார்கள். ஆனால் எங்கள் தொட்டியில் பிறந்த குஞ்சைத் தூக்கி நேராகக் குளத்தில் போட முடியாது. கடல் தண்ணீரில் ஆயிரத்துக்கு முப்பத்து மூன்று பங்கு உப்பு. அதை எட்டு நாளில், தினம் கொஞ்சமாகக் குறைத்துப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். அதுதான் சொட்டு அண்ணனின் உத்தியோகம். மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் நல்ல தண்ணீரை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"எட்டு நாள் எதுக்கு அண்ணே? நாலு நாள்ல முடிச்சா என்ன?" என்று ஆரம்ப காலத்தில் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கடல்ல இருக்கிற மீனுக்கு எந்நேரமும் தாகம், தம்பி" என்று ஆரம்பித்தார். "அது உடம்புல இருக்கிற உப்பை விட வெளியில இருக்கிற உப்பு ஜாஸ்தி. அதனால உடம்புத் தண்ணி கசிஞ்சு வெளியில போயிக்கிட்டே இருக்கும். ஈடுகட்ட அது கடல் தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கணும். குடிச்ச உப்பைச் செவுள் வழியா வெளியில தள்ளணும். ஆத்துல அப்படியே தலைகீழ். இப்ப உடம்புலதான் உப்பு ஜாஸ்தி. தண்ணி தானா உள்ள வந்துடும், குடிக்கவே வேணாம். மூத்திரம் போயே பொழுது போயிடும். செவுள் உப்பைத் தள்ளக் கூடாது, தண்ணியில இருக்கிற துளியூண்டு உப்பையும் பிடிச்சு உள்ள இழுக்கணும்."

"ஒரே செவுளா ரெண்டு வேலையும் பாக்குது?"

"செவுள் அதேதான். உள்ள இருக்கிற ஆளுங்க மாறணும். தள்ளுறவன் கிளம்பி இழுக்கிறவன் வேலைக்கு வரணும். அவன் வந்து சேர்றதுக்குள்ள நீ தண்ணியை மாத்திட்டா அங்க யாருமே இருக்க மாட்டான்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் மறக்கவில்லை, பாருங்கள்.

அவருடைய ஒரே கருவி, விரல் தடிமனில் ஒரு குழல். அதன் நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு நீலக் கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பின் அளவு. தினம் காலையில் முதல் வேலையாக அதில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, குட்டித் திருகாணியைத் திருகிக் கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தி வைப்பார். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று குழலோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. குழலோடு வந்த அந்தத் தண்ணீர்ப் பாட்டில் முதல் வருஷமே காலி. எங்கள் போர் தண்ணீர் அப்போது இளநீர் மாதிரி இருக்கும். அதனால் குழாயைத் திறந்து அதில் ஒரு சொட்டு. பத்தொன்பது வருஷமாக அதே குழாய், அதே திருகாணி.

'நான் இறக்கின குஞ்சு செத்ததில்ல' என்பது அவருடைய ஒரே பெருமை. அதை அவர் அடிக்கடி சொல்ல மாட்டார். வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் யாராவது கேட்டால்தான். ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவர் குவாரி அக்கா.

அவர் ஊர் மலையடிவாரம், லாரியில் ஆறு மணி நேரம். அவரும் அவர் வீட்டுக்காரரும் அங்கே ஒரு கல்குவாரியில் பதினைந்து வருஷம் கல் உடைத்தவர்கள். கல் தீர்ந்ததும் குவாரியை மூடிவிட்டார்கள். குழியில் மழைத் தண்ணீர் நிறைந்து பச்சையாக ஒரு குளம் ஆகிவிட்டது. வீட்டுக்காரருக்கு நெஞ்சில் கல்தூசி. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். மீன் வளர்க்கிறேன் என்று குழிக்குச் சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தார் அக்கா. சொந்தக்காரருக்கோ குழியில் இடிபாட்டு மண்ணைக் கொட்டி நிரவி, மேலே கிடங்கு கட்ட வேண்டும் என்று ஆசை. 'ரெண்டு வருஷம் பாக்குறேன், மீன் பிழைக்கலைன்னா மூடிடுவேன்' என்று சொல்லியிருந்தார்.

முதல் முறை பத்தாயிரம் குஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். லாரித் தொட்டியில் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. என் கண்ணால் பார்த்தேன். குழியில் விட்ட மறுநாள் முதல் மிதக்க ஆரம்பித்தன. நாலாவது நாள் மிச்சம் ஒரு குடம் கூடத் தேறவில்லை.

முதலாளி என்னைக் கேட்டார். லாரியில் நன்றாக இருந்தன என்றேன். சொட்டு அண்ணனைக் கேட்டார். பூஜ்யத்தில்தான் அனுப்பினேன் என்றார். குழித் தண்ணீரை ஒரு பாட்டிலில் வரவழைத்துக் குழலில் விட்டுப் பார்த்தார் அண்ணன். நீலக் கோடு பூஜ்யத்துக்கும் கீழே போய் நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே உப்பு இருக்க முடியுமா? திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில ஏதோ கோளாறு இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

முதலாளி உடனே ஒரு கடிதம் அடித்தார். குஞ்சுகள் நல்ல தண்ணீருக்கு முழுமையாகப் பழக்கப்பட்டு நலமாக அனுப்பப்பட்டன, குழியின் நீரே சாவுக்குக் காரணம் என்று நாலு வரி. கீழே சொட்டு அண்ணன் கையெழுத்து. அடுத்த வருஷம் இரண்டாம் முறையும் அதே கதை. அதே கடிதம், தேதி மட்டும் வேறு. கூசாமல் கையெழுத்துப் போட்டார். நானும்தான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு காலை நேரம். குவாரி அக்கா நேரில் வந்துவிட்டார். ஆறு மணி நேரம் பஸ்ஸில், மடியில் ஒரு கேன் தண்ணீரோடு. அலுவலக அறையில் முதலாளி இருந்தார், சொட்டு அண்ணன் இருந்தார், டயர் விஷயமாக நான் இருந்தேன். அக்கா சண்டை போடுவார் என்று நாங்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் சண்டையே போடவில்லை. அதுதான் சங்கடமாகப் போய்விட்டது.

"என் தண்ணியில என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லிடுங்க சார்" என்றார். "குழிக்காரர் இந்த மாசக் கடைசியில மண் கொட்டப் போறாராம். கையில காலுல விழுந்து இன்னும் ஒரே ஒரு தடவைன்னு கேட்டிருக்கேன். என்ன கோளாறுன்னு தெரிஞ்சா மருந்து கிருந்து போட்டுப் பாப்பேன். உங்க கடுதாசி வந்த நாள்லருந்து அந்தத் தண்ணியை நாங்க வாயில வைக்கிறதில்ல. முன்னாடி அதைத்தான் குடிச்சோம். இப்ப கீழ இருக்கிற ஊத்துக்குப் போயி எடுத்துக்கிட்டு வர்றேன். மீனைக் கொன்ன தண்ணி மனுஷனை மட்டும் விடுமான்னு வீட்டுக்காரர் கேக்குறார்."

சொட்டு அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் மூலையில் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, "முதல்ல இதைக் குடிங்கம்மா" என்று நீட்டினார்.

அக்கா ஒரு வாய் வைத்தார். அடுத்த கணம் ஜன்னல் பக்கம் ஓடி வெளியே துப்பினார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. குடிக்கக் கொடுத்ததைத் துப்புவார்களா?

"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அக்கா, வாயைத் துடைத்துக்கொண்டே. "ஒரே கரிப்பு. தெரியாம மீன் தொட்டித் தண்ணியைக் குடுத்துட்டீங்க போல."

"இது நாங்க குடிக்கிற தண்ணிதாம்மா" என்றார் முதலாளி.

"இதையா குடிக்கிறீங்க?"

நான் பானையில் மொண்டு குடித்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. முதலாளியும் குடித்தார். தோளைக் குலுக்கினார். சொட்டு அண்ணன் மட்டும் குடிக்கவில்லை. பானையைப் பார்த்தபடியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்றால், எனக்கே ஏதோ சரியில்லை என்று உறைக்கிற அளவுக்கு.

"தம்பி, லாரி பேட்டரிக்கு என்ன தண்ணி ஊத்துவே?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி, அண்ணே."

"இருக்கா?"

என் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கேன் இருக்கும். எடுத்து வந்தேன். குழலைத் துடைத்து, அதில் பேட்டரித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். கோடு பூஜ்யத்துக்குக் கீழே போனது, குவாரித் தண்ணீருக்குப் போன அதே இடத்துக்கு. திருகாணியைத் திருகி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். துடைத்தார். பானைத் தண்ணீர் ஒரு சொட்டு. பார்த்துவிட்டுக் குழலை என்னிடம் கொடுத்தார். நீலக் கோடு மூன்றைத் தாண்டி நின்றது.

கடைசியாக அக்காவின் கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டார். பூஜ்யம். மயிரிழை பிசகாமல் பூஜ்யம்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கடல் எங்கள் போருக்குள் எப்போது நுழைந்ததோ தெரியாது. நாங்கள் தண்ணீரை இழுக்க இழுக்க, வருஷத்துக்கு ஒரு துளியாக அது பின்னாலேயே வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம், அதில்தான் சமைத்தோம். எங்கள் நாக்கு சத்தம் போடாமல் பழகிக்கொண்டே வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் அவர் குஞ்சுகளுக்கு உப்பை இறக்கினார், அதே தண்ணீரை வைத்துத்தான் குழலுக்குப் பூஜ்யம் காட்டினார். அப்புறம் குழல் எப்படி உண்மை சொல்லும்? கரையோரக் குளங்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் உப்பு உண்டு, அதனால் இத்தனை நாள் யாருடைய குஞ்சும் சாகவில்லை. உப்பே இல்லாத மழைத் தண்ணீர் அக்காவுடையது ஒன்றுதான். பத்தாயிரம் குஞ்சும் கடைசிப் படியில் கால் வைக்காமலேயே அதில் விழுந்திருக்கின்றன. பேட்டரித் தண்ணீர் கேன் பத்தொன்பது வருஷமாக என் சீட்டுக்கு அடியில் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

முதலாளிக்கும் விளங்கிவிட்டது. அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சரி, நடந்தது நடந்து போச்சு. இந்தத் தடவை குஞ்சை நல்லா இறக்கிக் குடுத்துடுவோம். அதோட விடு. கடிதம் கிடிதம்னு கிளறாதே."

"அந்தக் கடுதாசி அந்தம்மாகிட்ட இருக்கே" என்றார் சொட்டு அண்ணன்.

"இருந்துட்டுப் போகட்டும். பண்ணை பேரு கெட்டா உனக்கும்தானே கஷ்டம்? சொட்டு இறக்கின குஞ்சு செத்ததில்லன்னு ஊரே சொல்லுது. நீயே அதுல மண்ணைப் போட்டுக்குவியா?"

அண்ணன் யோசித்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் யோசிப்பது எனக்கு அலுப்பாக இல்லை, பயமாக இருந்தது. இந்த ஆள் சரி என்று சொல்லிவிட்டால் இனி இவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நின்றபடியே எழுதினார். 'உங்கள் குழித் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு முறையும் குஞ்சுகள் செத்தது என் தவறால். நான் பூஜ்யம் என்று நினைத்தது பூஜ்யம் இல்லை.' கையெழுத்துப் போட்டார். இந்த முறை சொட்டு என்று இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கிற முழுப் பெயர். கதவைத் திறந்து போய் அக்கா கையில் கொடுத்தார். முதலாளி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

அன்று மதியம் சாப்பிட அவர் வீட்டுக்குப் போனேன். பண்ணைக்குப் பின்னால்தான் குடியிருப்பு, அங்கேயும் அதே போர். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் அண்ணி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அதான் பாத்தேன்! முன்னாடியெல்லாம் உப்பு டப்பா மாசம் ஒண்ணு தீரும். இப்ப மூணு மாசம் வருது. வயசாகுது, உப்பு குறையுறது நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உப்பு பாக்குறது உங்க உத்தியோகமா, என் உத்தியோகமா?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு அசடு வழிந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பத்தொன்பது வருஷப் பழி அங்கேயே பாதி தீர்ந்தது.

மூன்றாம் முறைக்கு லாரி இரண்டு தடவை மலையடிவாரம் போய் வந்தது. தொட்டி நிறையக் குவாரித் தண்ணீரைப் பண்ணைக்குக் கொண்டுவந்தேன். வழக்கமான எட்டு நாள் முடிந்ததும், அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னும் ஐந்து நாள். நான் ஒரு முறை கூட எப்போது கிளம்பலாம் என்று கேட்கவில்லை. இதை என் மனைவியிடம் சொன்னபோது நம்பவில்லை.

அப்புறம் ஒரு கூத்து. குவாரித் தண்ணீரில் ஒரு குடத்தை அண்ணன் வீட்டுக்கும் எடுத்துப் போனார். குடித்தால் அவருக்கு இறங்கவில்லை. சப்பென்று இருக்கிறதாம், தண்ணீர் குடித்த மாதிரியே இல்லையாம். என்ன செய்தார் தெரியுமா? முதல் நாள் கால் பங்கு குவாரி, முக்கால் பங்கு போர். அடுத்த நாள் பாதிப் பாதி. அப்படியே தன்னையும் இறக்கிக்கொண்டார். "எட்டு நாள் கணக்கா அண்ணே?" என்று கேட்டேன். "எனக்கு வயசாயிடுச்சு, பத்து நாள் வச்சிருக்கேன்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

குஞ்சுகளை விட்ட அன்று அவரும் லாரியில் வந்தார். பண்ணையை விட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லாரித் தொட்டியிலிருந்து குஞ்சுகளைப் பைகளில் பிடித்து, பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வாயைப் பிரித்து, குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும் வரை முழங்கால் தண்ணீரில் நின்றார். கரையில் அக்கா நின்றார், கொஞ்சம் தள்ளிக் கல்மேல் அவர் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் குழிக்குச் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு. மேலே சாலையில் மண் லாரி ஒன்று தயாராக நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த லாரியைக் கொளுத்த வேண்டும் போல இருந்தது.

நானும் அண்ணனும் அங்கேயே தங்கிவிட்டோம், மண் லாரியும் நகரவில்லை. மறுநாள் ஒன்றும் மிதக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் காலை அக்கா ஒரு கை தீனியை வீசினார். மழை விழுந்த மாதிரி தண்ணீர் மேலே பொரிந்தது. எத்தனை வாய்கள்! குழிக்காரர் மேலே ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மண் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அக்கா அழவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்து, இரண்டு கையிலும் குழித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இன்னொரு முறை அள்ளிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, அவருக்கே உரிய தாமதத்தோடு சொன்னார்.

"நல்ல தண்ணிம்மா. அன்னைக்கும் நல்ல தண்ணிதான்."

அக்கா படியிறங்கி வந்தார். அவரும் அள்ளினார். உதட்டருகே கொண்டுபோன கை நின்றது. ஒன்றரை வருஷத்துப் பயம் அல்லவா? நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு குடித்தார். குடித்துவிட்டு, ஊற்றுத் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துக் கல்மேல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "அந்தச் சொம்பைக் கொண்டாங்க" என்றார்.